வரத்துக்காலை அடைத்தவன்

ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் யாரும் ஏரிக்குப் போக மாட்டார்கள். வேதகிரியின் காலைப் பார்ப்பார்கள். முழங்கால்வரை சேறு அப்பியிருந்தால் மதகு திறந்திருக்கிறது. கணுக்காலோடு நின்றிருந்தால் யாரோ இரண்டு பேர் கடைமடையில் தண்ணீருக்குச் சண்டை போட்டு, இவன் போய் விலக்கிவிட்டு வந்திருக்கிறான். கால் சுத்தமாக இருந்தால் கோடைக்காலம்.

சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால் முதலில் ஏரிக்கரை, அப்புறம் ஊர், ஊரைத் தாண்டி எங்கள் காலனி. ஏரிக்குக் கீழே இருக்கும் நிலமெல்லாம் ஊர்க்காரர்களுடையது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் கட்டும் வேலை காலனியில் வேதகிரி குடும்பத்துடையது. யார் வயலுக்கு முதலில், யாருக்கு அப்புறம், மதகை எவ்வளவு தூக்குவது, எப்போது இறக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. அறுவடையானதும் களத்தில் அவனுக்கு நெல் அளப்பார்கள். ஊர் நிலம் முழுக்க அவன் கையால் நனைகிறது, அவன் பேரில் ஒரு வரப்புகூடக் கிடையாது. இதை நான் குத்திக் காட்டினால் சிரிப்பான்.

"நெலம் இருந்தா நானும் தண்ணிக்கு ஒருத்தன் பின்னாடி ஓடணும் அக்கா. இப்ப அவங்க இல்ல என் பின்னாடி ஓடறாங்க."

பேச்சில் அவனை மடக்க முடியாது. என் பேர் மலர்க்கொடி. காலனி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். அவன் வீட்டு வாசலும் என் அங்கன்வாடி வாசலும் நேருக்கு நேர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று காலனியில் பேச்சு உண்டு, அது பொய்யில்லை.

வேதகிரி எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் கொஞ்ச நாள் வேனில் போய் வந்தான். அவன் நைனாவுக்கு ஈரல் கெட்டு வயிறு வீங்கிப் படுத்துவிட, மதகைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்தான். பெரியவரின் வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறது, குடிக்கிற தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேதகிரி ஒரு செம்பை எடுத்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து ஊற்றினான். வயிறு கொஞ்சம் வடிந்தது. பிறகு ஒருநாள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் வேதகிரியின் மனதில் தங்கியது அந்த வயிறு வடிந்தது மட்டும்தான்.

அவன் பெண்டாட்டி ஷீபா பெருநகர்ப் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவாள். இவன் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவான். அதனால் வீட்டில் ஒரு சச்சரவும் வந்ததில்லை. துன்பம் வந்தது வேறு விதத்தில். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. "இன்னா, எதுனா விசேஷம் உண்டா?" பஸ்ஸில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், சாவு வீட்டில் அழுது மூக்கைச் சிந்திவிட்டு அதே கையோடு கேட்பார்கள். வளைகாப்பு என்றால் ஷீபாவைக் கூப்பிடுவார்கள், ஆனால் வளையல் போடும் நேரத்தில் அவளை அடுப்படிக்கு ஏதாவது எடுத்துவர அனுப்பிவிடுவார்கள். அவளும் ஒன்றும் தெரியாதவள் போலப் போய், எல்லாம் முடிந்தபிறகு திரும்பி வருவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இரண்டு தடவை சண்டையும் போட்டிருக்கிறேன். ஷீபாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானத்தில் அவள் என் அங்கன்வாடிக்கு வந்துவிடுவாள். சோறு பிசைந்து ஊட்டுவாள், மூக்கைத் துடைப்பாள், தூங்க வைப்பாள். சம்பளம் எனக்கு, பாதி வேலை அவளுக்கு. அப்படிச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

வேதகிரியிடம் இரண்டாம் கல்யாணம் பேசியவர்கள் உண்டு. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். அவன் அவள்மேல் வைத்திருந்த பிரியம் காலனிக்கே தெரியும். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவனைக் கொடுமைக்காரன் என்றவர்கள் இருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஷீபாவுக்கு பிசிஓடி, முட்டை வளரவில்லை என்றார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு ஊசி. முட்டையை வளர வைக்கும் ஹார்மோன் ஊசி, தினமும் அடிவயிற்றில் போட வேண்டும். அதற்காகத் தினமும் காஞ்சிபுரம் போய் வர முடியுமா? நர்ஸ் வேதகிரிக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார். தோலைக் கிள்ளிப் பிடி, நேராகக் குத்து, மெதுவாக அழுத்து. மதகுத் திருகைப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. ஆனாலும் வலிக்காமல் போடுகிறான் என்று ஷீபா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். காலனியில் ஃபிரிட்ஜ் இருந்தது பிரபாவின் பெட்டிக்கடையில் மட்டும். கலர் பாட்டிலுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில் ஷீபாவின் ஊசி மருந்து உட்கார்ந்தது. பிறகு ரகசியம் ஏது. சாயந்திரம் வேதகிரி கடைக்கு வந்தாலே, "பிரபா, அண்ணனுக்கு ஜில்லுனு ஒண்ணு குடு" என்று எவனாவது கிண்டல் செய்வான். வேதகிரியும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். அந்த நாட்களில் அவன் எதற்கும் கோபப்படவில்லை. ஷீபா கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் உப்பசம் என்பாள். ஊசி போட்ட இடத்தில் சிவந்து தடித்திருக்கும். அதெல்லாம் வரும் என்று ஆஸ்பத்திரியில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

ஸ்கேனில் ஏகப்பட்ட முட்டைகள் தெரிந்தன. வேதகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்றங்கால் அடர்த்தியாக வந்தால் யார்தான் வருத்தப்படுவார்கள். ஆனால் டாக்டரம்மா முகம் சுளித்தார்.

"இவ்ளோ வந்தா நல்லதில்ல. முட்டை வெடிக்கறதுக்கான கடைசி ஊசி போட்டா சினைப்பை வீங்கி வயித்துல தண்ணி சேர்ற ஆபத்து இருக்கு. இந்த மாசம் விட்டுட்டு, அடுத்த தடவை மருந்தைக் குறைச்சு ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஷீபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "இன்னொரு தபா வர எனக்குத் தெம்பு இல்ல மேடம். போட்டுடுங்க." வேதகிரியும் கும்பிட்டிருக்கிறான். டாக்டரம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஊசி போட்டு, கணவனின் விந்தைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்தி அனுப்பினார்கள். கிளம்பும்போது நர்ஸ் வாசல்வரை வந்து சொன்னாராம். தண்ணீர், மோர், இளநீர் நல்லா குடிக்கணும். வயிறு ரொம்ப உப்பினாலோ மூத்திரம் குறைஞ்சாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வந்துடணும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் கார்த்திகை மழை பிடித்தது. அங்கன்வாடிக்கு லீவு விட்டார்கள். நான் ஓரிக்கையில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். ரோட்டின்மேல் தண்ணீர் போனதால் பஸ் நின்றது, மழை விடும்வரை அங்கேயே அடைந்து கிடந்தேன். ஆகவே அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்குள் நடந்தது வேதகிரி பின்னால் தன் வாயால் என்னிடம் சொன்னது.

ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே பாய்ந்தது. அப்படியும் கிழக்குக் கரையில் கசிவு கண்டது. கரை கசிந்தால் அவன் முதலில் செய்வது ஒன்றுதான். மேல் ஏரியிலிருந்து எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, வரத்துக்கால் என்போம், அதை அடைப்பான். வரத்து நின்றால் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் கசிவு அடங்கும். பிறகு நிதானமாக மண்மூட்டை அடுக்கலாம். அவன் நைனா சொல்லிக்கொடுத்த வழி, ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஊர்ப் பெரிய விவசாயி முத்துகிருஷ்ணன் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேதகிரி, கரைய வுட்டு எங்கியும் போயிடாதடா. ஒடஞ்சிதுன்னா ஊரே பூடும்."

"நான் இங்கதான் கீறேன் அய்யா."

அந்தச் சமயத்தில்தான் ஷீபாவின் வயிறு உப்ப ஆரம்பித்தது. பாவாடை நாடா எட்டவில்லை. சாப்பிட்டால் குமட்டியது. வேதகிரி கரையிலிருந்து வந்து, ஈரத் துணியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தான். தளதளவென்று தண்ணீர். அவன் நைனாவின் வயிற்றில் தட்டிப் பார்த்த அதே சத்தம்.

"நர்ஸு குடி குடின்னாங்க, நீயும் சொம்பு சொம்பா குடிச்ச. அதான் எல்லாம் வயித்துல நின்னுக்கினு கீது" என்றான். "இனிமே தண்ணி வாணாம். வரத்த நிறுத்துனா தானா வடிஞ்சிடும்."

ஷீபா, "நர்ஸுக்கு ஒரு போன் போடலாமா மாமா" என்று கேட்டிருக்கிறாள்.

"போட்டா வான்னுவாங்க. பஸ்ஸும் இல்ல. இந்தப் பள்ளத்துல உன்ன வண்டில வெச்சி ஆட்டிக்கினு போயி, தங்கி கீறது கலைஞ்சிட்டா இன்னா பண்றது?"

கலைந்துவிடும் என்று சொல்லி ஷீபாவை எதற்கும் சம்மதிக்க வைக்கலாம். அசையாமல் படுத்துக்கொண்டாள்.

மூத்திரம் குறைந்தது. அதைச் சொன்னாள். குடித்தால்தானே போகும் என்றான் இவன். அவன் கணக்கில் அதுவும் சரியாகவே வந்தது. மூச்சு வாங்கியது. வயிறு மேலே முட்டுகிறது, வடிந்தால் சரியாகும் என்று தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தான். அவள் உதடு வெடித்தது. பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் தடவினான். நைனாவுக்கும் அப்படித்தான் செய்தான்.

அவள் கெஞ்ச ஆரம்பித்தாள்.

"மாமா, தண்ணி."

"கொஞ்சம் பொறுத்துக்கோ மே. உனுக்கோசரம்தான சொல்றேன்."

"ஒரு வாய். தண்ணி."

குடத்தைத் தூக்கித் தாழ்வாரத்துக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கரைக்குப் போனான். அவளுக்கு எழுந்து போய் எடுக்கத் தெம்பில்லை. இதைச் சொல்லும்போது வேதகிரி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. எனக்கு அவனைச் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

மழை விட்டதும் முதல் பஸ்ஸில் வந்தேன். அங்கன்வாடிக் கூரை ஒழுகியிருக்குமோ என்று பார்க்க வந்தவள், எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்க, ஷீபாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். பாயில் கிடந்தாள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் விண்ணென்று நின்றது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கப் பார்த்தாள், அது வரவில்லை.

"தண்ணி" என்றாள்.

நான் 108-க்குப் போன் போட்டேன். ஒரு சிறுவனை ஏரிக்கரைக்கு ஓடவிட்டேன். வேதகிரி சேற்றுக்காலோடு ஓடி வந்தான். ஏரி தப்பித்துவிட்டது, கசிவு நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் வாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். ஆம்புலன்ஸில் அவள் தலைமாட்டில் நான், கால்மாட்டில் அவன். வழியெல்லாம் அவள் அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தாள். வண்டியில் வந்த பெண், வாய் கோணியிருக்கிறது, இப்போது கொடுத்தால் புரையேறிவிடும் என்று தடுத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வேதகிரி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். 

"வயித்துல இருக்கறது அவங்க குடிச்ச தண்ணி இல்லீங்க" என்றார் அவர். "அந்த ஊசியால சில பேருக்கு ரத்தக் குழாய் கசிய ஆரம்பிச்சிடும். ரத்தத்துல இருக்கற தண்ணிதான் கசிஞ்சு வயித்துக்குப் போகுது. அதனால ரத்தம் கெட்டியாகும். அந்த நேரத்துல குடிக்கறதையும் நிறுத்தினா இன்னும் கெட்டியாகும். அப்படிக் கட்டின ரத்தம் மூளைக்குப் போற குழாய அடைச்சிடுச்சு. எல்லாருக்கும் இவ்ளோ தூரம் போகாது. சீக்கிரம் வந்திருந்தா சமாளிச்சிருக்கலாம்."

வேதகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனதுக்குள் எதையோ இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப வயிறு ஏரி இல்ல" என்றான் மெதுவாக. "வயிறு கரைக்கு இந்தாண்ட கீற வயலு. ரத்தம்தான் ஏரி. கரை கசிஞ்சி ஏரி காஞ்சிக்கினு கீது. நான் போயி வரத்துக்கால அடைச்சிட்டேன்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பு போதவில்லை. வார்டு பாய் ஒருவர் வந்து பிடித்தார்.

இன்னொன்றும் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்ததில் கரு தங்கியிருப்பது தெரிந்தது. ஊசி பலித்திருந்தது. கரு தங்கினால் அந்த வீக்கம் இன்னும் அதிகமாகுமாம். அத்தனை வருஷம் அவர்கள் காத்துக் கிடந்த சேதியை, மூக்கில் குழாயோடு கிடந்த ஷீபாவின் காதில் நான்தான் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கேட்டுத்தான் வழிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கரு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது.

உயிரோடு வீட்டுக்கு வந்தாள். காலை இழுத்து இழுத்து வாசல்வரை நடக்கிறாள். வலது கை மடியிலேயே கிடக்கிறது. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அவள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன அந்த வார்த்தை மட்டும் நாக்கில் நின்றுவிட்டது. இப்படிச் சில பேருக்கு ஆகும் என்றார் டாக்டர். பசித்தாலும் அதைத்தான் சொல்கிறாள். தூக்கம் வந்தாலும், வலித்தாலும், கோபம் வந்தாலும் அதேதான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு "தண்ணி" என்றால், வாங்க அக்கா என்று அர்த்தம். நான் பழகிக்கொண்டேன்.

முத்துகிருஷ்ணன் ஒருநாள் தெருமுனைவரை வந்து, ஆப்பிள் பையைப் பிரபாவின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏரி உடையாமல் காப்பாற்றியவன் என்று ஊரில் வேதகிரிக்கு நல்ல பேர். அவன் இன்னும் மதகுக்குப் போகிறான், வேறு பிழைப்பு இல்லை. போகும்போது அவளையும் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறான். அங்கன்வாடி நடக்கும் நேரத்தில் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பான், எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் பொழுது போகும்.

நேற்று பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அழுதது. ஷீபா எதிர்வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை நீட்டி அந்தக் குழந்தையைக் காட்டினாள். தன் மடியைக் காட்டினாள்.

"தண்ணி" என்றாள். "தண்ணி. தண்ணி."

அவள் கேட்டது என்னவென்று எனக்குத் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அதற்குள் வேதகிரி வீட்டுக்குள் ஓடி, செம்பு தளும்பத் தளும்ப வந்துவிட்டான். அவனுக்கும் தெரியும், அவள் கேட்டது தண்ணீர் இல்லை என்று. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் அவனால் நிற்க முடியாது. செம்பை அவள் வாயருகே பிடித்தான். சேலையில் கொஞ்சம் சிந்தியது.

ஷீபா குழந்தையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். செம்பு காலியாகும்வரை, தாகமே இல்லாமல், அவனுக்காகக் குடித்தாள்.